பன்னிரண்டாம் மாடிக்கு வயர் எட்டாது



போன மாதம் ஒரு சனிக்கிழமை அத்தானோடு மின்சாரக் கார் பார்க்கப் போனேன். கடையில் நின்ற பொடியன் நல்ல பொடியன்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்புவித்தான். இந்தப் பெரிய ஸ்கிறீன், கதவோரத்தில் நிறம் மாறுகிற விளக்கு, கண்ணாடிக் கூரை, மிருகத் தோல் இல்லாத 'வீகன் லெதர்' சீற். அத்தான் எல்லாத்துக்கும் தலையை ஆட்டிப்போட்டு, ஸ்ரியரிங் பக்கமே போகாமல் பின்கதவைத் திறந்து பின் சீற்றில் ஏறி இருந்தார். முழங்காலுக்கு முன்னால் எவ்வளவு இடம் எண்டு கையால் அளந்தார். பிறகு சீற்றைத் தடவிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது துடைச்சால் போகுமோ?"

என்ன துடைச்சால் எண்டு அந்தப் பொடியனுக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு டவுன்ரவுனில் குடித்துவிட்டு ஏறுகிற ஆக்களை ஏற்றி இறக்கினவனுக்குத்தான் அந்தக் கேள்வி விளங்கும்.

அத்தானுக்கு இது ஆசைக்குப் பார்க்கிற கார் இல்லை. ரொறன்ரோ நகரசபை 2023இல் எடுத்த முடிவின்படி, வாடகைக்கு ஓடுகிற கார்கள், ரக்சியும் செயலி ஓட்டமும் எல்லாம், 2030 முடிவதற்குள் புகை விடாத கார்களாக மாற வேண்டும். நல்ல முடிவு. நானே அப்போது எங்கட குழுவில் கைதட்டினவன். அந்த மாற்றத்துக்கான காசு யாருடைய பொக்கற்றில் இருந்து வரும் எண்டு அன்றைக்கு நான் கேட்கவில்லை. செயலிக் கம்பனி ஒரு கார்கூட வாங்குவதில்லை. நகரசபையும் வாங்காது. அத்தான்தான் வாங்க வேண்டும்.

இந்த ஆசிரியர் தலையங்கத்தை எழுதுவதற்கு முதல் ஒரு விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2023இல் நான் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். மத்திய அரசின் ஊக்கத்தொகை 5,000 டொலர் கடையிலேயே பில்லில் கழித்துக்கொண்டு தந்தார்கள். ஒரு விண்ணப்பப் படிவமும் நான் நிரப்பவில்லை, வருமானம் எவ்வளவு எண்டு ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மாதச் சம்பள வேலை. ஏஜாக்ஸில் அப்பா அம்மாவோடு இருக்கிற வீட்டுக்கு டிரைவ்வே இருக்கு, அதில் சார்ஜர் பூட்ட சுவர் இருக்கு. அந்தக் காசு இல்லாவிட்டாலும் நான் அந்தக் காரை வாங்கித்தான் இருப்பேன். அத்தான் ஒரு வருஷத்தில் ஓடுகிற தூரத்தில் கால்வாசிகூட நான் ஓடுவதில்லை. அதாவது, எங்கட குடும்பத்தில் புகையைக் குறைக்க வேண்டும் எண்டால் அந்த 5,000 டொலரைப் போடவேண்டிய கார் என்னுடையது இல்லை.

முதலில் உள்ளுக்குள்ள இருந்து தொடங்குவம்.

காரின் உட்பகுதியைப் பற்றி இடதுசாரிகள் எழுதுவதில்லை. அது நுகர்வுக் கதை, சஞ்சிகைக் கதை எண்டு விட்டுவிடுவம். ஆனால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒரு ஆள் இருந்து உழைக்கிற இடம் எண்டால் அதுக்குப் பெயர் வேலைத்தலம். ஒரு தொழிற்சாலையில் கதிரை உயரம், வெளிச்சம், வெப்பம் எல்லாம் தொழிற்சங்கம் கதைக்கிற விசயம். காருக்குள்ளே அதே விசயங்களை ஓட்டுநர் தன்ர காசைக் குடுத்து விலைக்கு வாங்க வேண்டி இருக்கு.

உதாரணமா சூடாகிற சீற். கடைக்காரன் அதை ஆடம்பரம் மாதிரிச் சொன்னான். உண்மையில் அது மின்சாரக் காரில் கணக்குப் பார்க்கிற ஆளின் பொருள். சீற்றைச் சூடாக்க நூறு வாற் அளவில் போதும். முழுக் கபினின் காற்றையும் சூடாக்க சில கிலோவாற் வேணும். ஒன்ராறியோ வின்ரரில் பற்றரி சும்மாவே தளர்ந்துபோகும். ஆள் இல்லாத நேரம் ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டு, சீற்றையும் ஸ்ரியரிங்கையும் மட்டும் சூடாக்கிக்கொண்டு இருந்தால் இன்னும் ஒரு ஓட்டம் ஓடலாம். வெப்பப் பம்ப் உள்ள கார் எண்டால் இன்னும் நல்லம். ஆனால் பல கார்களில் இந்த வசதிகள் எல்லாம் மேல்விலைப் பதிப்புகளில்தான் வரும், கண்ணாடிக் கூரையோடும் நிறம் மாறுகிற விளக்கோடும் சேர்த்துக் கட்டித்தான். தனிய சீற் சூடு மட்டும் தாங்கோ எண்டால் தரமாட்டார்கள்.

ஸ்கிறீன் இன்னொரு பிரச்சினை. காற்றுத் திசையை மாற்றுவதற்குக்கூட மூன்று தரம் ஸ்கிறீனைத் தட்ட வேண்டிய கார்கள் இருக்கு. செயலி ஓட்டுநருக்கு ஏற்கெனவே கைபேசி ஒரு ஸ்கிறீன். இது இரண்டாவது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் குடுக்கிற யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேற்றர், வைப்பர், ஹோர்ன் மாதிரியான அடிப்படை விசயங்களுக்குக் கையில் தட்டுப்படுகிற பொத்தான் இருக்க வேணும், இல்லாவிட்டால் முழுப்புள்ளி இல்லை எண்டு சொல்லியிருக்கு. அத்தான் அதை வாசித்தவர் இல்லை. "கண்ணை எடுக்காமல் கையால தட்டுப்படோணும்" எண்டு மட்டும் சொன்னார்.

அந்த 'வீகன் லெதர்' பெரும்பாலும் பொலியூரெதேன். அதாவது எண்ணெயில் இருந்து வருகிற பிளாஸ்ரிக். மாட்டுக்கு நல்லம், பூமிக்கு நல்லம் எண்டு சொல்ல இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. ஆனாலும் அத்தானின் கேள்விக்கு அதுதான் விடை. துடைச்சால் போகும். துணி சீற்றில் போகாது.

இன்னொரு விசயம், இதை எழுதுவமோ எண்டு யோசிச்சன். அத்தான் காருக்குள்ளே சோறு சாப்பிடமாட்டார். கொட்டுகிற பனிக்குள்ளும் ஒரு பிளாசாவின் கார் பார்க்கில் வெளியில் நின்றுகொண்டுதான் அக்கா கட்டிக்குடுத்த சோத்தைச் சாப்பிடுவார். மணத்துக்கு ரேற்றிங் குறையும். ஒருக்கால் ஒரு பயணி 'கறி மணக்குது' எண்டு எழுதிப்போட்டார். அத்தான் அதை எங்களுக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் சொன்னார். கார்க் கம்பனிகள் உட்பகுதியை 'வீட்டின் வரவேற்பறை மாதிரி' எண்டு விளம்பரம் செய்கிறார்கள். தன்ர வரவேற்பறையில் தன்ர சாப்பாட்டைச் சாப்பிட ஏலாத மனிசனிட்ட போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி ஊக்கத்தொகை.

ஒன்ராறியோவில் ஒரு காலத்தில் மின்சாரக் காருக்கு மாகாண அரசு 14,000 டொலர் வரை தந்தது. டக் ஃபோர்ட் அரசு வந்த கையோடு 2018 ஜூலையில் அதை நிப்பாட்டியது. 2019 மே மாதம் மத்திய அரசின் திட்டம் வந்தது. காருக்கு 5,000 வரை. அடிப்படை விலைக்கு ஒரு மேல் எல்லை இருந்தது. 2022க்குப் பிறகு சாதாரண காருக்கு 55,000, எஸ்யூவிக்கு 60,000. வாங்குகிறவரின் வருமானத்துக்கு எல்லையே இல்லை. பழைய காருக்கு ஒரு சதமும் இல்லை. நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேலான கார்களுக்குக் குடுத்தபிறகு 2025 ஜனவரி 12இல் காசு முடிஞ்சுது எண்டு மூடினார்கள். அத்தான் மாதிரி ஆட்கள் முன்பணம் சேர்த்து முடிக்கிற நேரம் கதவு சாத்தியாச்சு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய வரிசை ஞாபகம் வருகிறது.

2013 டிசம்பர் 21, 22. பனிமழை. அப்போது நாங்கள் ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்தோம், எனக்கு 17 வயது. மரக்கிளைகள் கண்ணாடிக் குழாய் மாதிரி உறைந்து, முறிந்து, கம்பிகளின்மேல் விழுந்தன. ரொறன்ரோ மின்சாரசபையின் ஏறக்குறைய மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. சிலருக்கு நத்தாரும் தாண்டி ஒரு கிழமைக்கு மேல் வரவில்லை. எங்களுக்கு நாலு நாள். குளிர்பெட்டிச் சாமான் எல்லாத்தையும் அம்மா பல்கனியில் வைத்தார். எங்கட சொந்தக்காரர் ஒருவர் குளிர் தாங்காமல் கரி பாபகியூவை வீட்டுக்குள் எடுத்துவந்து மூட்டப் பார்த்தார். அப்பா ஓடிப்போய் நிப்பாட்டினார். அந்தப் புயலில் ஒன்ராறியோவில் காபன் மொனொக்சைட் நச்சில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஜெனரேற்றரையோ கரி அடுப்பையோ கராஜுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வைக்கவே கூடாது. இதை வாசிக்கிற எல்லாரும் தங்கட வீட்டுப் பெரிய ஆக்களுக்கு ஒருக்கால் வாயால் சொல்லுங்கோ, வாட்ஸப்பில் அனுப்பினால் காணாது.

பழுதாகிப்போன சாப்பாட்டுக்காக, வருஷக் கடைசியில், மாகாண அரசும் பலசரக்குக் கடைகளும் சேர்ந்து பரிசு அட்டை குடுத்தார்கள். குடும்பத்துக்கு 100 டொலர், தனி ஆளுக்கு 50. ஆட்கள் உறைகுளிரில் மணிக்கணக்கா வரிசையில் நின்றார்கள். அப்பாவும் நின்றார். கிட்டப் போகேக்க அட்டை முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ எண்டு சொல்லி அனுப்பினார்கள். அடுத்த நாளும் போனார். 'இந்த நூறு டொலருக்கு இப்படி நிக்கிறாங்களே' எண்டு வானொலியில் ஒருவர் நக்கலாகக் கதைத்ததை அப்பா இப்பவும் மறக்கவில்லை.

பத்து வருஷத்துக்குப் பிறகு அவருடைய மகனுக்கு அரசு 5,000 டொலர் தந்தது. வரிசை இல்லை. கோப்பி ஒன்றும் தந்தார்கள்.

ஊக்கத்தொகையே பிழை எண்டு சொல்ல வரவில்லை. வேறுமாதிரிக் குடுக்கலாம் எண்டு குடுத்துக் காட்டின இடங்கள் இருக்கு. பிரிட்டிஷ் கொலம்பியா 2022இல் தன்ர மாகாண ஊக்கத்தொகையை வருமானத்தோடு இணைத்தது. 80,000 டொலருக்கு உட்பட்ட தனிநபருக்கு முழு 4,000, மேலே போகப் போகக் குறைவு, 100,000க்கு மேல் ஒன்றும் இல்லை. (அதையும் 2025 மேயில் நிப்பாட்டிவிட்டார்கள்.) பிரான்ஸ் 2024 ஜனவரியில் சமூகக் குத்தகை எண்டு ஒன்று கொண்டுவந்தது. வருமானம் குறைந்த, வேலைக்காகத் தூரம் ஓடவேண்டி இருக்கிற ஆக்களுக்கு மாதம் 100 யூரோ அளவில் மின்சாரக் கார். ஏறக்குறைய ஆறு கிழமையில் 50,000 பேர் எடுத்து முடித்துவிட்டார்கள். 'ஏழையள் மின்சாரக் கார் கேட்கிறேல்லை' எண்டு சொல்லுற ஆக்களுக்கு அந்த ஆறு கிழமை போதும். பாரிஸ் தோழர்கள் யாராவது அந்தத் திட்டத்தில் கார் எடுத்த எங்கட ஆக்களோடு கதைத்து எழுதினால் அடுத்த இதழில் போடுவம்.  இங்கே ஒட்டாவாவின் திட்டம் எதுவும் பழைய மாதிரியே இருக்கக்கூடாது எண்டு சத்தம் போடுவது எங்கட வேலை.

வாங்கிற விலை ஒரு பக்கம். ஓட்டுகிற செலவில்தான் உண்மையான வித்தியாசம். 2023 மே மாதம் ஒன்ராறியோ ஒரு நள்ளிரவு மின்கட்டணம் தொடங்கியது. இரவு 11 மணியில் இருந்து காலை 7 மணி வரை ஒரு கிலோவாற் மணி 2.4 சதம். பின்னேரம் 4 மணியில் இருந்து 9 மணி வரை 24 சதம். அந்தத் தொடக்க விலையில் 50 கிலோவாற் மணி ஏற்றினால் மின்சாரத்துக்கு மட்டும் 1 டொலர் 20 சதம். இது சுவரும் டிரைவ்வேயும் சொந்த மீற்றரும் இருக்கிற ஆளுக்கு. வாடகைக் கோபுரத்தில் இருக்கிறவர் பொதுச் சார்ஜருக்குப் போய் அதைவிடப் பல மடங்கு குடுக்க வேணும், அரை மணி முக்கால் மணி காத்திருக்கவும் வேணும். அந்தக் காத்திருப்புக்குக் கூலி இல்லை. 2025 ஜூலை 1இல் ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்த செயலித் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியை ஓட்டம் கிடைத்து அது முடிகிற வரைக்கும்தான் உறுதி செய்கிறது. ஓட்டத்துக்குக் காத்திருக்கிற நேரமும் இல்லை, சார்ஜ் ஏற்றுகிற நேரமும் இல்லை. பேஸ்மென்ற்றில் இருக்கிற ஆக்களின் நிலைமையும் இதுதான். மேல்வீட்டுக்காரர் எங்கட ஆளாகவே இருப்பார். ஊர்க்காரராகவும் இருப்பார். ஆனால் யன்னலால் ஒரு வயர் போட்டு ஏற்றலாமோ எண்டு கேட்டால் முகம் மாறும்.

இப்போ வீட்டுக் கரண்ட். எனக்கு அதிகம் உறுத்துகிற பகுதி இதுதான்.

என்ர காரில் இருந்து மின்சாரம் வெளியில் எடுக்கலாம். ஐயோனிக் 5, ஈவி6 மாதிரியான கார்களின் வட அமெரிக்கப் பதிப்புகள் 1.9 கிலோவாற் வரை சாதாரண பிளக்கில் தரும். ஃபோர்டின் எஃப்-150 லைற்னிங் 9.6 கிலோவாற் தரும், சரியான கருவிகள் பூட்டினால் முழு வீட்டையும் தாங்கும். என்ர கார் சிறிய ரகம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளிர்பெட்டிக்கு நாளுக்கு ஒன்று ஒன்றரைக் கிலோவாற் மணி. எரிவாயுச் சூடாக்கியின் விசிறிக்கு ஐந்து வரை. நாலு விளக்கும் வைஃபையும் கைபேசிகளும் ஒன்று. எல்லாம் சேர்த்து எட்டுக்கு உள்ளே. பற்றரியில் அறுபதை எடுத்தாலும் ஒரு கிழமை ஓடும். 2013இல் நாங்கள் பட்ட பாடு எங்கட ஏஜாக்ஸ் வீட்டுக்கு இனி வராது.

ஒரு எச்சரிக்கை. சூடாக்கியின் இணைப்பைச் சும்மா கழற்றிப் பிளக்கில் மாட்ட ஏலாது. மின்வினைஞர் வந்து மாற்று சுவிட்ச் பூட்ட வேணும். காரில் இருந்து வருகிற வயரைச் சுவர்ப் பிளக்கில் திருப்பிச் செருகி வீடு முழுக்க எரிய வைக்கலாம் எண்டு யூரியூப்பில் காட்டுகிற ஆக்களை நம்பாதேங்கோ. அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிப் போகும். கம்பத்தில் ஏறித் திருத்துகிற தொழிலாளி அதில் சாவார்.

இந்தக் கணக்கை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வண்டி வீட்டுக்குக் கரண்ட் குடுக்கிறது என்ன புதினம்? நாங்கள் சைக்கிளால குடுத்தனாங்கள்."

உண்மைதானே. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருஷக்கணக்காகக் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது, பெற்றோலும் வராது. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் ரேடியோவுக்குக் கரண்ட் எடுத்துச் செய்தி கேட்டார்கள். பழைய ஒஸ்ரினையும் மொறிஸையும் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்து ஒரு தலைமுறை பரீட்சை எடுத்தது. ஒரு வீட்டில் ரேடியோ வேலை செய்தால் பத்து வீடு வந்து இருந்து கேட்கும். இதில் கடைசியாகச் சொன்னதை மட்டும் நாங்கள் கப்பலிலும் பிளேனிலும் கொண்டுவரவில்லை.

அத்தான் வீட்டுக்கு வருவம். ஸ்காபரோவில் அறுபதுகளில் கட்டின வாடகைக் கோபுரம், பன்னிரண்டாம் மாடி. அத்தானின் அம்மாவுக்கு, எங்களுக்கு மாமி, நுரையீரல் வருத்தம். ஒக்சிசன் மெசின் இராப்பகலாக ஓடும். அது இழுக்கிறது 350 வாற் அளவில். கரண்ட் நிண்டால் மூலையில் ஒரு சிலிண்டர் இருக்கு, சில மணித்தியாலத்துக்கு. கடையில் விற்கிற இரண்டு கிலோவாற் மணிப் பெட்டி வாங்கினால் இன்னும் ஐந்து மணித்தியாலம் வரும். மூன்று நாளுக்கு மெசினை ஓட்ட 25 கிலோவாற் மணி வேணும். அத்தான் பார்த்த காரின் பற்றரியில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் காரை வாங்கினால் அது நிலத்தடிப் பார்க்கிங்கில் இரண்டாம் தட்டில் நிற்கும். மாமி பன்னிரண்டாம் மாடியில். லிஃப்ற் ஓடாது. தண்ணீர் ஏற்றுகிற பம்பும் ஓடாது. அவ்வளவு மின்சாரம் கீழே சும்மா நிற்க, மேலே மாமி மூச்சுக்கு இழுபடுவா.

உயர்ந்த கட்டடங்களுக்குக் கட்டாயமான அவசர ஜெனரேற்றர் நெருப்புக்கு ஆனது. படிக்கட்டு விளக்கு, எச்சரிக்கை மணி, தீயணைப்பு வீரருக்கான லிஃப்ற். இரண்டு மணித்தியாலம் ஓடினால் சட்டப்படி போதும். ஆட்கள் இறங்கி வெளியேறுகிற நேரத்தை நினைத்து எழுதின விதி அது, ஆட்கள் உள்ளேயே இருந்து மூன்று நாள் சமாளிப்பதை நினைத்து எழுதினது இல்லை. பனிப்புயலுக்குப் பிறகு, 2016இல், ரொறன்ரோ நகரசபை அடுக்குமாடிகளுக்கான மாற்று மின்சார வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. நல்ல ஆவணம். 72 மணித்தியாலத்துக்குத் தாங்குகிற ஏற்பாடு, தண்ணீர், ஒரு லிஃப்ற், சூடும் வெளிச்சமும் பிளக்கும் உள்ள ஒரு பொது அறை எண்டு வடிவா எழுதியிருக்கு. முகப்பிலேயே ஒரு சொல்லும் இருக்கு: விரும்பினால். கட்டட உரிமையாளர் விரும்பினால் செய்யலாம்.

இந்தப் பொது அறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. ஒக்சிசன் மெசினோடு மாமி, இன்சுலின் போத்தலோடு ஒன்பதாம் மாடி ஐயா, பால் சூடாக்க ஒரு தாய். ஒரு கட்டடத்துக்கு ஒரு பெரிய பற்றரி. அதன் விலையை முந்நூறு குடும்பத்தின் வாடகையில் ஏற்றாமல் அரசு ஊக்கத்தொகையால் கட்ட வேணும். இப்போதைக்கு ஊக்கத்தொகை போகிற திசை வேறு. 2025 ஜனவரியில் ஒன்ராறியோ தொடங்கின வீட்டுத் திருத்தத் திட்டத்தில் கூரைச் சூரியத் தகட்டுக்கு 5,000 டொலர் வரை, வீட்டுப் பற்றரிக்கு 5,000 டொலர் வரை. அதுக்குக் கூரை வேணும். அதுக்கு முதல் இருந்த மத்திய அரசின் பசுமை வீட்டு மானியமும் வீட்டு உரிமையாளருக்குத்தான். காருக்கு எனக்குத் தந்தார்கள், பற்றரிக்கும் எனக்குத் தரத் தயாராக இருக்கிறார்கள். அத்தானுக்கு 2030 எண்டு ஒரு காலக்கெடு மட்டும் தந்திருக்கிறார்கள்.

எங்கட குழுவிலேயே ஒரு தோழி இந்தத் தலையங்கத்தின் முதல் வரைவைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டா. "காரைப் பற்றி ஏன் கதைக்கிறம்? பஸ்ஸைப் பற்றிக் கதைப்பம்" எண்டா. பாதி சரி. 2023 ஜூலை 24இல் ஸ்காபரோ ஆர்ரி தடம் புரண்டது, அதுக்குப் பிறகு ஒரு நாளும் ஓடவில்லை. பதிலுக்கு வந்த பஸ்ஸில் நின்றபடி வேலைக்குப் போகிறவர்கள் எங்கட அம்மாமார். ஐந்து லட்சம் காருக்குக் குடுத்த காசில் எத்தனை பஸ் ஓடியிருக்கும் எண்டு கேட்பது நியாயம். ஆனால் அத்தான் ஓட்டுவது இரவு இரண்டு மணிக்கு. பஸ் முன்னேறுகிற வரைக்கும் அவரைப் பொறுத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது, அதுவும் டிரைவ்வேயில் கார் நிற்கிற நான்.

அவ இன்னொன்றும் சொன்னா, அதை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். இந்தப் பற்றரிகளுக்கான மண் எங்கட காலுக்குக் கீழே இல்லை. வட ஒன்ராறியோவின் 'நெருப்பு வளையம்' எனப்படுகிற கனிம நிலத்துக்கு வழி திறக்க, 2025 ஜூனில் மாகாண அரசு ஐந்தாம் மசோதாவை நிறைவேற்றியது. முதற்குடி மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் மன்னார்த் தீவில் எங்கட சனம் காற்றாலைப் பாகங்கள் ஏற்றி வந்த லொறிகளை மறித்து வீதியில் இருந்தது. கேட்காமல் எடுக்கிற நிலத்துக்குப் பச்சைப் பெயின்ற் அடிச்சால் சரியாகிவிடுமோ எண்டு இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி. கொபால்ட், நிக்கல் இரண்டும் இல்லாத இரும்புப் பொஸ்பேற் பற்றரி உள்ள கார்கள் இப்போ வருகின்றன. வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். நான் வாங்கேக்க கேட்கவில்லை.

அத்தான் அன்றைக்குக் கார் வாங்கவில்லை. மாதக் கட்டுப்பணத்தைக் காகிதத்தில் எழுதி மடிச்சுப் பொக்கற்றில் வைத்தார். வரும் வழியில் என்ர கார்ச் சீற்றைத் தடவிப் பார்த்து, "உன்ரயும் துடைச்சால் போகும்" எண்டார்.

போன ஞாயிறு அவருடைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாடகைக்காரர் இருபத்தைந்து பேர் அளவில் கூடினோம். தமிழ், உருது, தகலோக், ஆங்கிலம். கார் சார்ஜரைப் பற்றிக் கதைக்கக் கூடின கூட்டம், மாமியின் மெசினைப் பற்றி அக்கா சொன்னதோடு திசை மாறிவிட்டது. இன்னும் மூன்று வீட்டில் ஒக்சிசன் மெசின் இருக்குதாம், ஒருவருக்கு ஒருவர் தெரியாது. ஜெனரேற்றர் எத்தனை மணித்தியாலம் ஓடும் எண்டு கட்டடக் காவலாளரிடம் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. எரிபொருள் கடைசியாக எப்ப நிரப்பினது எண்டும் தெரியவில்லை. நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறோம். நகரசபை உறுப்பினருக்கும் ஒரு பிரதி.

உங்கட பெற்றோரோ மாமா மாமியோ கோபுரத்தில் இருந்தால் இந்தக் கிழமை கீழே போய் இதையே கேளுங்கோ: ஜெனரேற்றர் எதை எதை ஓட்டும், எத்தனை மணித்தியாலம், எந்த மாடியில் யாருக்கு மெசின் இருக்கு. கிடைக்கிற பதிலை, பதில் இல்லாவிட்டால் பதில் இல்லை எண்டதை, இந்த மடலுக்குப் பதிலாக எழுதி அனுப்புங்கோ. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ தோழர்களும்தான். அடுத்த கூட்டம் மூன்றாம் ஞாயிறு பின்னேரம். வரேக்க ஒரு எக்ஸ்ரென்சன் வயர் கொண்டு வாங்கோ, அந்த அறையில் இருக்கிறது ஒரேயொரு பிளக்.